எச்டிஆர் மானிட்டர்: ஸ்டிக்கரைப் பார்ப்பதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் ஏறினாலும், கேமிங் மானிட்டர் பெட்டி என்றால் ஒரு மூலையில் எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்: மிக வெளிச்சமும் மிக இருட்டும் ஒரே படத்தில்) என்று அச்சடித்திருக்கும். விலை குறைந்த மானிட்டரிலும் இருக்கும், அதைப்போல ஆறு மடங்கு விலையுள்ளதிலும் இருக்கும். இரண்டும் ஒரே சொல்லைப் போட்டுக்கொள்ள முடிகிறது என்றால் அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் கனம். எச்டிஆர்10 சிக்னலை அனுப்பினால் இந்த மானிட்டர் வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. வாங்கிக்கொண்டதைத் திரையில் காட்டுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் பாதி பேனலில் இருக்கிறது, பாதி உங்கள் அறையில் இருக்கிறது.

முதலில் பேனல். எச்டிஆர்10 சிக்னல் 10 பிட். அதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு குறிப்பிட்ட வெளிச்ச அளவைக் குறிக்கும். உச்சம் 10,000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகலாம். நடைமுறையில் படங்களையும் கேம்களையும் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் உச்சத்துக்கும், சிலவற்றை 4,000 நிட்ஸுக்கும் தயார் செய்கிறார்கள். இருட்டுக் குகையில் ஒரு தீப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். பந்தம் 800 நிட்ஸில் எரிய வேண்டும், பக்கத்துச் சுவர் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே திரையில். ஐபிஎஸ் என்னும் சாதாரண எல்சிடி பேனலால் இது முடியாது. அதன் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1000:1 சுற்றித்தான். பின்னால் ஒரே பேக்லைட், திரை முழுவதற்கும் ஒரே அளவில் எரிகிறது. எச்டிஆரைப் போட்டதும் மானிட்டர் அந்த பேக்லைட்டை உச்சத்துக்கு ஏற்றிவிடும். 400 நிட்ஸ் மானிட்டரில் அப்போது கருப்பு 0.4 நிட்ஸ். அதே மானிட்டரை எச்டிஆர் இல்லாமல் 120 நிட்ஸில் வைத்துப் பார்த்தால் கருப்பு 0.12 நிட்ஸ். எச்டிஆரைப் போட்டதால் கருப்பு மூன்று மடங்குக்கு மேல் வெளுத்துவிட்டது. “எச்டிஆர் போட்டா படம் வெளுத்துப் போகுது” என்று பலர் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். செட்டிங் தவறு என்று நினைத்து நாள் கணக்கில் மெனுவைத் தோண்டுகிறார்கள். மெனுவில் அதற்கு மருந்து இல்லை.

எல்சிடியிலேயே இன்னொரு வகையான விஏ பேனலுக்கு 3000:1, சிலவற்றில் அதற்கும் மேல். கருப்பு நன்றாக இருக்கும். ஆனால் கருப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறுவதில் விஏ மந்தம். இருட்டான காட்சியில் வேகமாகத் திரும்பினால் மை இழுத்த மாதிரி ஒரு தடம் பின்னால் வரும். பெட்டியில் 1 எம்எஸ் (மில்லிசெகண்ட்) என்று போட்டிருந்தாலும் சரி. அந்த எண்ணை எட்ட, பிக்சலை வேகமாக மாறத் தள்ளும் ஓவர்டிரைவ் செட்டிங்கை உச்சத்தில் வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் பொருளைச் சுற்றி வெளிறிய நிழல் ஓடும். ஓவர்டிரைவை நடு நிலையில் வைத்துப் பாருங்கள். அதுதான் அந்த மானிட்டரின் உண்மையான வேகம்.

தரச் சான்றுகளில் வீசா (VESA) என்னும் திரைத் தர அமைப்பு 2017 டிசம்பரில் கொண்டுவந்த டிஸ்ப்ளேஎச்டிஆர் ஓரளவு உதவும், படிக்கத் தெரிந்தால். டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்பதற்கு, பேக்லைட்டை இடத்துக்கு இடம் மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங் தேவையில்லை. அதாவது மேலே சொன்ன ஒரே பேக்லைட் மானிட்டரும் அந்தச் சான்றைப் பெறலாம். 600, 1000 என்று போகும்போதுதான் பேக்லைட்டைப் பகுதி பகுதியாக அணைக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. 600-லும் ஏமாற இடமுண்டு: ஓரத்தில் எல்ஈடி வைத்து 8 அல்லது 16 நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்திருப்பார்கள். நிலா தெரியும் காட்சியில் நிலாவுக்கு மேலும் கீழும் ஒரு தூணே வெளிச்சமாகும். அதைவிட அந்த வசதியை அணைத்து வைப்பது நல்லது. பேக்லைட்டே இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும் ஓலெட் பேனலுக்கென்று 2019-இல் வந்த ட்ரூ பிளாக் வரிசை தனி. ட்ரூ பிளாக் 400-இல் கருப்பு 0.0005 நிட்ஸுக்கு மேல் போகக் கூடாது. டிஸ்ப்ளேஎச்டிஆர் 400, ட்ரூ பிளாக் 400 இரண்டிலும் எண் ஒன்றுதான். திரையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெட்டியில் “ட்ரூ பிளாக்” என்ற இரண்டு சொல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஆகவே எச்டிஆருக்காகவே பணம் போடுவதென்றால் வழி இரண்டே: மினி எல்ஈடி (பல சிறு பகுதிகளாகத் தனித்தனியே எரிந்து அணையும் பேக்லைட்) அல்லது ஓலெட். இரண்டுக்கும் நடுவே நின்று தடுமாறும் இடத்தில்தான் உங்கள் ஜன்னல் வருகிறது.

சென்னையில் ஏசி இல்லாத அறையில் பகலில் ஜன்னலை அடைத்துவிட்டு உட்கார முடியாது, காற்று வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னலென்றால் மூன்று மணியிலிருந்து வெயில் நேராக மேசையில் விழும். பல வீடுகளில் டியூப் லைட் உட்காருபவரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கும், திரையில் அதன் கோடு அப்படியே விழும். ஒரு எளிய சோதனை: மானிட்டர் வரப்போகும் இடத்தில், நீங்கள் வழக்கமாக விளையாடும் நேரத்தில், திரை அணைந்த ஒரு போனை நிமிர்த்தி வையுங்கள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பாருங்கள். அந்தக் கருப்புக் கண்ணாடியில் எதெல்லாம் தெரிகிறதோ, அதெல்லாம் பளபளப்பான ஓலெட் திரையின் இருட்டுக் காட்சியிலும் தெரியும். நீங்கள் இடத்தை மாற்றிக்கொள்ள முடியுமா, திரைச்சீலை போட முடியுமா என்பதை அப்போதே முடிவு செய்துவிடலாம்.

ஓலெட்டிலேயே இரண்டு ஜாதி உண்டு. சாம்சங் டிஸ்ப்ளே செய்யும் கியூடி ஓலெட் ஒன்று, எல்ஜி டிஸ்ப்ளே செய்யும் டபிள்யூ ஓலெட் மற்றொன்று. மானிட்டரின் பெயர்ப்பலகை எந்த பிராண்டாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். கியூடி ஓலெட்டில் நிறம் அபாரம். வெளிச்சமான சிவப்பும் பச்சையும் சாயம் போகாமல் நிற்கும். ஆனால் வெளி வெளிச்சத்தை அடக்கும் போலரைசர் படலம் அதில் கிடையாது. அறை வெளிச்சம் பட்டால் கருப்பு சற்று ஊதா கலந்த சாம்பலாகிவிடும். இரவில் விளக்கணைத்து விளையாடுபவருக்கு இது ஒரு குறையே இல்லை. பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து விளையாடுபவர் கொடுத்த காசில் பாதியை வெயிலுக்குக் கொடுத்த மாதிரி. டபிள்யூ ஓலெட்டில் போலரைசர் இருப்பதால் வெளிச்சத்திலும் கருப்பு கருப்பாகவே நிற்கும். பல மாடல்களில் மேலே மேட் பூச்சும் உண்டு. பதிலுக்கு, மிக வெளிச்சமான இடங்களில் அதன் நிறம் கொஞ்சம் வெளிறும், பிக்சலுக்குள் இருக்கும் சிறு வெள்ளைப் புள்ளி (சப்பிக்சல்) கூடச் சேர்ந்து எரிவதால்.

இரண்டுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. திரையில் ஒரு சிறு புள்ளிக்கு 1,000 நிட்ஸ் கொடுக்கும் ஓலெட் மானிட்டர், திரை முழுக்க வெள்ளையென்றால் 250 நிட்ஸ் சுற்றி இறங்கிவிடும். பனிமலை, பாலைவனம் போன்ற காட்சிகளில் இது தெரியும். பல ஓலெட் மாடல்களின் மெனுவில் ட்ரூ பிளாக் 400, பீக் 1000 என்று இரண்டு எச்டிஆர் மோடு இருக்கும். பீக் 1000 கேட்க நன்றாக இருக்கிறது. நட்சத்திரம், தீப்பொறி போன்ற சிறு வெளிச்சங்களுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பல மாடல்களில் அந்த மோடில் நடுத்தர வெளிச்சமுள்ள காட்சிகள் முழுவதுமாக மங்கிவிடுகின்றன. பகல் காட்சி அதிகமுள்ள கேமுக்கு ட்ரூ பிளாக் 400, இருட்டுக் கேமுக்கு பீக் 1000 என்று மாற்றி வைத்துக்கொள்வதே சரி.

மினி எல்ஈடி இதற்கு நேர் எதிர். முழுத் திரையும் 600, 800 நிட்ஸ் என்று எரியக்கூடிய மாடல்கள் உண்டு. பகல் அறையில் எச்டிஆர் பார்க்க வேறு நல்ல வழி இல்லை. பின்னால் எத்தனை ஜோன் (தனியாக எரிந்து அணையும் பகுதி) என்பதுதான் கேட்க வேண்டிய எண். 27 அங்குல 1440பி (2560×1440 பிக்சல்) திரையில் 336 ஜோன் என்றால் ஒரு ஜோனுக்கு ஏறத்தாழ 11,000 பிக்சல். 4கே (3840×2160) திரையில் 1,152 ஜோன் என்றால் ஒரு ஜோனுக்கு 7,200. அந்த 7,200 பிக்சலில் ஒன்றே ஒன்று வெள்ளையாக இருந்தாலும் அவ்வளவுக்கும் பின்னால் விளக்கு எரிந்தாக வேண்டும். அதனால்தான் கருப்புப் பட்டையில் சப்டைட்டில் வரும்போது எழுத்தைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு வெளிச்சம் தெரிகிறது. ஐபிஎஸ் பேனலோடு சேர்ந்த மினி எல்ஈடியில் இது அதிகம், பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் அதிகம். விஏ பேனலோடு சேர்ந்ததில் பேனலே வெளிச்சத்தை ஓரளவு அடைத்துவிடுவதால் குறைவு. டெஸ்க்டாப் வேலையில் லோக்கல் டிம்மிங்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் அம்புக்குறி போகும் இடமெல்லாம் ஒரு ஒளிவட்டம் கூடவே போகும்.

பகலில் எட்டு மணி நேரம் எக்செல், கோடிங், இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் கேம் என்பவருக்கு என் தேர்வு மினி எல்ஈடி. ஓலெட்டில் நகராமல் நிற்கும் டாஸ்க்பாரும் கட்டங்களும் நாளடைவில் தழும்பாகப் பதியும். கியூடி ஓலெட்டில் முக்கோணமாக அடுக்கிய சப்பிக்சலால் எழுத்தின் விளிம்பில் மெல்லிய நிறக்கோடு தெரியும்; 27 அங்குல 1440பி-யில் கண்ணில் படும், 32 அங்குல 4கே-யில் பெரும்பாலும் படாது. கேமும் படமும்தான் முக்கியம், அதுவும் இரவில் என்றால் ஓலெட்டுக்கு இணை இல்லை.

ஓலெட் வாங்குகிறவர்கள் நம் ஊர் வழக்கம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். ஓலெட் மானிட்டர் மொத்தமாகச் சில மணி நேரம், பல மாடல்களில் நான்கு மணி நேரம், ஓடிய பிறகு ஸ்டாண்ட்பைக்குப் போகும்போது தானாகவே பிக்சல்களைச் சரிசெய்துகொள்ளும். சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் பிளக்கில் கரண்ட் இருக்க வேண்டும். தினமும் சுவரில் அணைத்தால் அந்த வேலை நடக்கவே நடக்காது, தழும்பு சீக்கிரம் வரும். மானிட்டரின் பட்டனில் மட்டும் அணைத்து, பத்து நிமிடமாவது விட்டுவிடுங்கள். கூடவே டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வையுங்கள், ஐந்து நிமிடத்தில் திரை அணையும்படி வையுங்கள். வெப்பமும் ஓலெட்டின் ஆயுளைக் குறைக்கும். பல மானிட்டர்களுக்குக் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 40 டிகிரி வரை என்றுதான் இருக்கும். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழேயுள்ள அறை அதை எட்டிவிடும். அலமாரிக்குள் செருகி வைக்காமல், பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு, காற்றோட்டமாக வையுங்கள்.

அளவும் தெளிவும். 24 அங்குல 1080பி-யில் அங்குலத்துக்கு 92 பிக்சல், 27 அங்குல 1440பி-யில் 109, 32 அங்குல 4கே-யில் 138. 32 அங்குல 1440பி வாங்கினால் மறுபடி 92-க்கே வந்துவிடுவீர்கள். பெரிதாகத் தெரியும், கூர்மையாகத் தெரியாது. கிராபிக்ஸ் கார்டுக்கு 4கே என்பது 1440பி-யைவிட 2.25 மடங்கு பிக்சல். கார்டு 1440பி-யிலேயே 80 ஃபிரேம் சுற்றித்தான் தருகிறதென்றால் 4கே 240 ஹெர்ட்ஸ் திரைக்குக் கொடுக்கும் பணம் வீண்; அந்தப் பணத்தில் 1440பி ஓலெட் வாங்குங்கள். ரெஃப்ரெஷ் ரேட்டில் 60-லிருந்து 144-க்குப் போனால் ஒரு ஃபிரேமின் நேரம் 16.7 மில்லிசெகண்டிலிருந்து 6.9-க்கு இறங்கும், யாருக்கும் தெரியும். 240-லிருந்து 360-க்குப் போனால் 4.2-லிருந்து 2.8. போட்டியில் ஆடுபவரைத் தவிர மற்றவர்கள் அந்தப் பணத்தைப் பேனலில் போடலாம்.

34 அங்குல அல்ட்ராவைட் பற்றி ஒரு விலைக் குறிப்பு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு முன்பு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 சதவீதம்தான். அதற்கு முன் எழுதிய ஒப்பீடுகளில் 34 அங்குலம் விலை அதிகம் என்று தள்ளியிருந்தால், இப்போது திரும்ப ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

கேபிளில் தவறு செய்பவர்கள்தான் அதிகம். எச்டிஎம்ஐ 2.0-இல் படத்துக்குக் கிடைப்பது நொடிக்கு 14.4 ஜிகாபிட். 4கே 60 ஹெர்ட்ஸ், 10 பிட், முழு நிறம் என்று எல்லாம் சேர்ந்து அதில் போகாது. விண்டோஸ் சத்தமில்லாமல் நிறத்தைக் குறைத்து 4:2:2-க்குப் போகும், அல்லது 8 பிட்டுக்கு இறங்கும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் 25.9 ஜிகாபிட், 1440பி 144 ஹெர்ட்ஸ் 10 பிட் தாராளமாகப் போகும். 4கே 144 ஹெர்ட்ஸ் 10 பிட்டுக்கு 35 ஜிகாபிட்டுக்கு மேல் வேண்டும். அங்கே டிஎஸ்சி என்னும் சுருக்கும் முறை வேலை செய்யும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எச்டிஎம்ஐ 2.1 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் 2.0-வின் வேகம் மட்டுமே உள்ள போர்ட்டுக்கும் அந்தப் பெயரைப் போட விதி இடம் தருகிறது. எத்தனை ஜிகாபிட் என்று கேளுங்கள்: 24, 40, 48 என்று ஒரு எண் வரும். பிஎஸ்5 அதிகபட்சம் 32 ஜிகாபிட் அனுப்பும், டிஎஸ்சி செய்யாது. அதில் விஆர்ஆர் (ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றிக்கொள்வது) வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 விஆர்ஆர் உள்ள மானிட்டர் வேண்டும். ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மட்டும் போதாது. கேபிள் பெட்டியோடு வந்ததையே போடுங்கள். தனியாக வாங்கினால் அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற லேபிளும் ஸ்கேன் செய்யும் கட்டமும் உள்ளதாகப் பாருங்கள். எர்த் சரியில்லாத பிளக் நம் பழைய வீடுகளில் சகஜம். கம்ப்யூட்டரும் மானிட்டரும் கரண்டில் இருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் செருகாதீர்கள், போர்ட் போய்விடக்கூடும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது. விண்டோஸ் 11-இல் சிஸ்டம், டிஸ்ப்ளே, எச்டிஆர் என்று போய் ஆன் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து விண்டோஸ் எச்டிஆர் கேலிபரேஷன் ஆப்பை இறக்கி, அறையை வழக்கமாக விளையாடும் வெளிச்சத்தில் வைத்து ஓட்டுங்கள். ஆப்பில் வரும் பட்டையை இழுக்கும்போது, கட்டம் கண்ணிலிருந்து மறையும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். “இன்னும் கொஞ்சம் பிரகாசமாக இருக்கட்டும்” என்று அதைத் தாண்டி இழுத்தால், மேகத்தின் மடிப்பும் விளக்கின் உட்புறமும் வெறும் வெள்ளைத் திட்டாகும். மானிட்டர் மெனுவில் எச்டிஆர் மோடை மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். ட்ரூ பிளாக் 400-இல் 400-ஐ ஒட்டி வரும் எண், பீக் 1000-இல் ஆயிரத்தை ஒட்டி வரும். கேமுக்குள் பேப்பர் ஒயிட் (சாதாரண வெள்ளை எத்தனை நிட்ஸ் என்பது) என்று ஒரு அளவு இருக்கும். இருட்டறைக்கு 150, வெளிச்ச அறைக்கு 250 என்று தொடங்கிப் பாருங்கள்.

சாதாரண டெஸ்க்டாப் எச்டிஆரில் வெளுத்துத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எச்டிஆர் அல்லாத படங்களுக்கு விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் வளைவு (எண்ணை வெளிச்சமாக்கும் கணக்கு), நம் மானிட்டர்கள் பழகிய காமா 2.2-ஐவிட நிழல்களைத் தூக்கிக் காட்டுகிறது. அதனால் வேலை நேரத்தில் எச்டிஆரை அணைத்து வைத்து, கேமுக்கு மட்டும் விண்டோஸ் பட்டன், ஆல்ட், பி (B) மூன்றையும் அழுத்திப் போட்டுக்கொள்வது நல்லது. யூடியூபில் எச்டிஆர் வேலை செய்கிறதா என்று அறிய, வீடியோவின் குவாலிட்டி மெனுவில் எண்ணுக்குப் பக்கத்தில் எச்டிஆர் என்று வருகிறதா பாருங்கள். ஓலெட்டில் இருட்டுக் காட்சியோ லோடிங் திரையோ மினுக் மினுக் என்று துடித்தால் பேனல் பழுது இல்லை. விஆர்ஆரில் ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்குவதால் வருவது. கார்டு விடாமல் எட்டக்கூடிய ஓர் எண்ணில் ஃபிரேமைக் கட்டிவிடுங்கள். அப்படியும் துடித்தால் அந்த ஒரு கேமுக்கு மட்டும் விஆர்ஆரை அணையுங்கள்.

யுபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை: 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் தருவது 360 வாட் சுற்றித்தான். கேம் ஓடும் கம்ப்யூட்டரும் எச்டிஆரில் 100 வாட்டைத் தாண்டக்கூடிய மினி எல்ஈடி மானிட்டரும் சேர்ந்தால் கரண்ட் போன அதே நொடியில் யுபிஎஸ்ஸும் போகும். 1,000 விஏ-க்குக் குறையாமல் பாருங்கள்.

கடையில் பார்க்கும்போது விளம்பர வீடியோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். கருப்புப் பின்னணியில் மின்னும் பழம், மீன் எல்லாம் எந்தத் திரையிலும் அழகாகவே இருக்கும். முழுக் கருப்புப் படம் ஒன்றைப் போடச் சொல்லி, அதன்மேல் மவுஸ் அம்புக்குறியை மெல்ல நகர்த்துங்கள். ஒரே பேக்லைட் என்றால் திரை முழுக்கச் சாம்பல். ஓரப் பட்டை என்றால் தூண் கூடவே வரும். மினி எல்ஈடி என்றால் சிறு வட்டம். ஓலெட் என்றால் அம்புக்குறி மட்டும். அரை நிமிடத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஒவ்வொரு நிறமாக முழுத் திரைக்குப் போட்டு, செத்த பிக்சல் இருக்கிறதா பாருங்கள். எத்தனை பிக்சல் செத்தால் மாற்றித் தருவார்கள், தழும்புக்கு வாரண்டி உண்டா, எத்தனை வருடம், சர்வீஸ் வீட்டுக்கே வந்து செய்வார்களா என்ற கேள்விகளுக்குக் கடைக்காரர் வாயால் சொல்லும் பதில் போதாது, வாரண்டி தாளில் காட்டச் சொல்லுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் மானிட்டரின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் சீல் பிரிப்பதிலிருந்து முதல் முறை ஆன் ஆவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

உங்கள் பட்ஜெட்டுக்கு மினி எல்ஈடியும் வராது, ஓலெட்டும் வராது என்றால், 27 அங்குல 1440பி ஐபிஎஸ், 165 அல்லது 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை வாங்கி, அதில் எச்டிஆரை ஆன் செய்யாமலே விளையாடுங்கள். 120 நிட்ஸில் சரியாக வைத்த நல்ல ஐபிஎஸ் படம், 400 நிட்ஸில் வெளுத்த எச்டிஆர் படத்தைவிட எந்த இரவிலும் நன்றாக இருக்கும்.